பறக்காத விமானத்துக்குப் பரிசு ஏன்?



அறிவியல் கண்காட்சி என்றால் உங்கள் பள்ளியில் என்னென்ன மாதிரிகள் வரிசையாக வைக்கப்படும் என்பது உங்களுக்கே தெரியும். எரிமலை இருக்கும், காற்றாலை இருக்கும், மழைநீர் சேகரிக்கும் வீடு இருக்கும். எப்படியும் ஓர் ஆகாய விமானமும் இருக்கும். அந்த விமானத்தைப் பற்றித்தான் இக்கட்டுரையில் என் கருத்தைச் சொல்லப் போகிறேன். அதை நீங்கள் அப்படியே ஏற்க வேண்டும் என்பதில்லை. ஆனால் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளிக் கண்காட்சிக்கு மூன்று நடுவர்களில் ஒருவனாகச் சென்றிருந்தேன். அங்கே இரண்டு விமானங்கள் இருந்தன. முதலாவது தெர்மாகோலில் செய்தது, நாலடி நீளம். வெள்ளை வண்ணத்தின் மேல் நீலக் கோடு, வரிசையாகச் சன்னல்கள், இறக்கை நுனிகளில் விட்டு விட்டு எரியும் சிவப்பு விளக்குகள். பார்க்க மிக அழகாக இருந்தது. பக்கத்தில் நின்ற மாணவனிடம், "தம்பி, வாலில் இந்தச் சிறிய இறக்கை எதற்காக?" என்று கேட்டேன். அவன் சற்று விழித்தான். பிறகு, "கடையில் செய்து கொடுத்தாங்க சார்" என்று உண்மையைச் சொல்லிவிட்டான்.

இரண்டாவது விமானம் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி செய்தது. இரண்டு தென்னை ஈர்க்குகளைச் சேர்த்துக் கட்டியதே அதன் உடல். சாப்பாட்டுத் தட்டிலிருந்து வெட்டிய மெல்லிய தெர்மாகோல் துண்டு அதன் இறக்கை. மூக்கில் ஒரு சிறு களிமண் உருண்டை. இறக்கை இரண்டு இடங்களில் ஒடிந்து ஒட்டப்பட்டிருந்தது. ஆனால் அதன் பக்கத்தில் ஒரு குறிப்பேடு இருந்தது. அதில் நாற்பது முறை அந்த விமானத்தை வீசிப் பார்த்த கணக்கு இருந்தது. முதலில் இரண்டு மீட்டர்தான் போயிற்று; மூக்கைத் தூக்கி, நின்று, விழுந்தது. மூக்கில் களிமண் வைத்தபின் ஆறு மீட்டர் போயிற்று. களிமண் அதிகமானபோது குப்புற விழுந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி எழுதியிருந்தாள்: "வாலை எடுத்துவிட்டால் ஏன் கரணம் அடிக்கிறது?"

பரிசு யாருக்குக் கிடைத்தது என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். விளக்கு எரிந்த விமானத்துக்குத்தான். மற்ற இரு நடுவர்களையும் நான் குறை சொல்லமாட்டேன். எங்களுக்குக் கொடுத்த மதிப்பெண் தாளில் தோற்றத்துக்கு 40 மதிப்பெண் இருந்தது; விளக்கிச் சொல்லும் திறனுக்கு 30, சமுதாயப் பயனுக்கு 30 இருந்தன. சோதனை செய்து பார்த்ததற்கு ஒரு மதிப்பெண்கூட இல்லை. குறை அந்தத் தாளில் இருந்தது.

மாதிரி என்பது இயற்கையிடம் நாம் கேட்கும் ஒரு கேள்வி. கேள்வி கேட்காத மாதிரி வெறும் அலங்காரப் பொருளே. இதுதான் என் கருத்து. விமானத்தின் வரலாறே இதற்குச் சாட்சி சொல்கிறது.

பொம்மையில் தொடங்கிய கதை

பிரான்சு நாட்டில் அல்போன்ஸ் பெனோ என்ற இளைஞர் இருந்தார். 1871ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் அவர் பாரிஸ் நகரத்துப் பூங்கா ஒன்றில் ஒரு சிறு மாதிரி விமானத்தைப் பறக்கவிட்டார். அதன் நீளம் ஏறத்தாழ அரை மீட்டர். எடை 16 கிராம். முறுக்கிய ரப்பர் அதன் சுழல்விசிறியைச் சுற்றியது. 11 விநாடிகள் அது நிலைகுலையாமல் பறந்தது.

நிலைகுலையாமல் பறந்ததற்குக் காரணம் அதன் வால். முன் இறக்கையைவிடச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்ந்த ஒரு சிறிய இறக்கையை அவர் வாலில் பொருத்தியிருந்தார். விமானம் மூக்கைத் தூக்கினால், அந்த வாலின்மேல் படும் காற்று அதை மேலே தள்ளும். மூக்கு தானாகத் தாழும். மூக்கு மிகவும் தாழ்ந்தால் காற்று வாலைக் கீழே அழுத்தும். மூக்கு மீண்டும் நிமிரும். அந்த மாணவி தன் குறிப்பேட்டில் கேட்ட கேள்விக்கு விடை இதுவே. வால் இல்லையென்றால் திருத்துவதற்கு யாரும் இல்லை. விமானம் கரணம் அடிக்கிறது.

இதே பெனோ, ரப்பர் முறுக்கினால் நேரே மேலே எழும் ஹெலிகாப்டர் பொம்மையையும் உருவாக்கியிருந்தார். அவ்வகைப் பொம்மை ஒன்றை 1878ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு தந்தை தம் இரு மகன்களுக்கு வாங்கி வந்தார். தக்கை, மூங்கில், காகிதம், ரப்பர் ஆகியவற்றால் ஆன பொம்மை அது. அண்ணனுக்கு வயது 11, தம்பிக்கு 7. அவர்கள் அதற்கு வௌவால் என்று பெயர் வைத்தார்கள். விரைவிலேயே அது உடைந்துபோயிற்று. ஆனால் அவர்கள் சும்மா இருக்கவில்லை. அதேபோன்ற பொம்மைகளைத் தாங்களே செய்யத் தொடங்கினார்கள். ஒவ்வொன்றையும் முன்னதைவிடப் பெரிதாகச் செய்தார்கள். சிறியவை நன்றாகப் பறந்தன. பெரிதாக்கப் பெரிதாக்க, அவை பறக்க மறுத்தன.

அந்தச் சிறுவர்கள்தாம் வில்பர் ரைட்டும் ஆர்வில் ரைட்டும். நீளத்தில் இருமடங்கான பறக்கும் பொறிக்கு எட்டு மடங்கு திறன் தேவைப்படும் என்பது அந்த வயதில் தங்களுக்குத் தெரியவில்லை என்று 1908ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையில் அவர்கள் நினைவுகூர்ந்தார்கள். காரணம் தெரியாவிட்டாலும், ஏதோ ஒன்று இருக்கிறது என்பதைத் தோல்வி அவர்களுக்குக் காட்டியது. கடையில் வாங்கியதோடு நிறுத்தியிருந்தால் அதுவும் தெரிந்திருக்காது.

இருமடங்கு என்றால் இருமடங்கு அன்று

இதை நீங்கள் கணக்குப் போட்டே புரிந்துகொள்ளலாம். பக்கம் 1 செ.மீ. உள்ள ஒரு கனசதுரக் கட்டையை எண்ணிக்கொள்ளுங்கள். பக்கத்தை 2 செ.மீ. ஆக்குங்கள். அதன் ஒரு முகத்தின் பரப்பு 4 மடங்காகும். கன அளவு, ஆகவே எடையும், 8 மடங்காகும். பரப்பு ஒரு வழியில் வளர்கிறது. எடை அதைவிட வேகமாக வளர்கிறது. உருவம் பெரிதானால் வலிமையும் அதே விகிதத்தில் பெருகிவிடாது என்பதைக் கலிலியோ 1638ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் ஓர் எலும்புப் படத்தை வரைந்தே விளக்கினார்.

இதை விமானத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். செஸ்னா 172 என்பது நால்வர் பயணம் செய்யக்கூடிய சிறிய விமானம். அதன் இறக்கைகளின் முழு நீளம் 11 மீட்டர். இறக்கைப் பரப்பு சுமார் 16 சதுர மீட்டர். சுமையோடு எடை சுமார் 1,100 கிலோ. அப்படியானால் ஒவ்வொரு சதுர மீட்டர் இறக்கையும் ஏறத்தாழ 69 கிலோவைத் தாங்குகிறது. இதை எல்லாப் பொருளும் மாறாமல் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கினால் என்ன ஆகும்? இறக்கைப் பரப்பு நூறில் ஒரு பங்காகும். எடை ஆயிரத்தில் ஒரு பங்காகி 1.1 கிலோ ஆகும். ஒரு சதுர மீட்டருக்குச் சுமை 7 கிலோவுக்கும் குறைந்துவிடும்.

சுமை பத்தில் ஒரு பங்கு என்றால், பறக்கத் தேவையான வேகம் 10இன் வர்க்கமூலத்தால் குறையும். பெரிய விமானம் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் தாக்குப்பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால், குட்டி விமானத்துக்கு 28 கிலோமீட்டரே போதும். ஒரு சைக்கிளை விரைந்து மிதித்தால் அந்த வேகம் வந்துவிடும். சிறியது எளிதாகப் பறப்பதன் மர்மம் இதுதான். அதைப் பெரிதாக்கும்போது தொல்லை வருவதன் மர்மமும் இதுதான்.

ஒரு பேரறிஞரின் தோல்வி

இந்தத் தொல்லையில் சிக்கியவர்கள் சிறுவர்கள் மட்டுமல்லர். சாமுவேல் லாங்லி அமெரிக்காவின் பெரிய விஞ்ஞானிகளுள் ஒருவர். ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தலைவர். 1896ஆம் ஆண்டு மே 6ஆம் நாள், அவருடைய நீராவி மாதிரி விமானம் ஆளில்லாமல் பொட்டோமாக் ஆற்றின்மேல் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தூரம் பறந்தது. இறக்கை நீளம் சுமார் 4 மீட்டர் கொண்ட மாதிரி அது. அக்காலத்தில் இது மாபெரும் வெற்றி.

பிறகு அமெரிக்கப் போர்த்துறை 50,000 டாலர் கொடுத்தது. அதே அமைப்பை ஓர் ஆள் ஏறிச் செல்லும் அளவுக்கு, இறக்கை நீளம் சுமார் 15 மீட்டராக, லாங்லி பெரிதாக்கினார். 1903ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள் அது ஆற்றில் விழுந்தது. டிசம்பர் 8ஆம் நாள் மீண்டும் ஏவினார்கள்; மீண்டும் விழுந்தது. அதில் ஏறிச்சென்ற சார்லஸ் மேன்லி இருமுறையும் உயிர் தப்பினார். ஏவும் கருவியில்தான் கோளாறு என்று லாங்லி கருதினார். ஆனால் மாதிரிக்குப் போதுமாக இருந்த மெல்லிய சட்டகம் பெரிய விமானத்தின் எடைக்கும் காற்றின் விசைக்கும் ஈடுகொடுக்கவில்லை என்பதைப் பின்வந்தவர்கள் எடுத்துக்காட்டினார்கள்.

லாங்லியின் இரண்டாவது முயற்சி தோற்ற ஒன்பதாம் நாள், 1903 டிசம்பர் 17இல், ரைட் சகோதரர்கள் பறந்தார்கள். அவர்கள் என்ன வேறாகச் செய்தார்கள்? வெற்றிபெற்ற ஒரு மாதிரியை அப்படியே பெரிதாக்கவில்லை. 1901ஆம் ஆண்டில் அவர்களுடைய கிளைடர், அக்காலத்து அட்டவணைகள் சொன்ன அளவுக்குத் தூக்கு விசை தரவில்லை. உடனே அவர்கள் ஆறடி நீளமுள்ள ஒரு மரப்பெட்டியைச் செய்து, அதன் ஒரு முனையில் விசிறியைப் பொருத்தினார்கள். அதுவே அவர்களுடைய காற்றுச் சுரங்கம். தேய்ந்த ரம்பத் தகடுகளாலும் சைக்கிள் ஆரக்கம்பிகளாலும் விசையை அளக்கும் தராசைச் செய்தார்கள். சில அங்குல நீளமே உள்ள சிறு இறக்கைகள் ஏறத்தாழ 200ஐ அதில் வைத்துப் பார்த்தார்கள். அவற்றில் பல வெறும் எஃகுத் தகட்டில் வெட்டியவை. வண்ணம் இல்லை, சன்னல் இல்லை, விளக்கு இல்லை. நம் கண்காட்சியில் வைத்திருந்தால் தோற்றத்துக்கு நாற்பதில் நான்குகூடக் கிடைத்திருக்காது. ஆனால் மனிதனைப் பறக்கவைத்த மாதிரிகள் அவைதாம்.

காற்றும் அளவு பார்க்கும்

எடை மட்டுமன்று, காற்றே சிறிய பொருளிடம் வேறு விதமாக நடந்துகொள்கிறது. 1883ஆம் ஆண்டில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற ஆங்கில விஞ்ஞானி, குழாயில் ஓடும் நீரில் சாயத்தை விட்டு ஆராய்ந்தார். ஓட்டம் சீராக இருக்குமா, குழம்புமா என்பதை ஓர் எண்ணைக் கொண்டு சொல்லலாம் என்று கண்டார். அதற்கு ரெனால்ட்ஸ் எண் என்று பெயர். வேகத்தையும் பொருளின் நீளத்தையும் பாய்மத்தின் அடர்த்தியையும் பெருக்கி, அதன் பாகுத்தன்மையால் வகுத்தால் இந்த எண் கிடைக்கும். செஸ்னா விமானம் செல்லும்போது அதன் இறக்கைக்கு இந்த எண் ஏறத்தாழ 60 லட்சம். நீங்கள் வீசும் காகித விமானத்துக்கோ 13 ஆயிரம்தான் இருக்கும். எண் இப்படிக் குறையும்போது காற்றின் பாகுத்தன்மை ஓங்குகிறது. பெரிய விமானத்துக்கு ஏற்ற தடித்த இறக்கை சிறிய மாதிரிக்கு ஆகாது. சற்றே வளைந்த மெல்லிய தகடே அதற்கு மேல். அந்த மாணவியின் சாப்பாட்டுத் தட்டு எவ்வளவு பொருத்தமான பொருள் என்பது இப்போது புரிகிறதல்லவா?

அறிஞர்களுக்கும் இது பெரிய சிக்கலாக இருந்தது. காற்றுச் சுரங்கத்தில் வைக்கும் சிறு மாதிரி, பெரிய விமானத்தைப் பற்றிச் சரியான விடை சொல்லாதே! மாக்ஸ் முங்க் என்பவர் ஒரு வழி கண்டார். மாதிரி 20இல் ஒரு பங்கு என்றால், காற்றை 20 மடங்கு அழுத்தி அடர்த்தியாக்கிவிட்டால் எண் சரியாகிவிடுமே என்றார். அந்த யோசனையின்படி அமெரிக்காவில் 1922ஆம் ஆண்டில் ஒரு காற்றுச் சுரங்கம் இயங்கத் தொடங்கியது. மாதிரியைச் சுருக்கியவர்கள், அதற்காகக் காற்றையும் அழுத்தி அடக்கினார்கள். இன்றும் புதிய விமானம் எதுவும் மாதிரி நிலையைத் தாண்டாமல் வானம் ஏறுவதில்லை. நம் நாட்டிலும் பெங்களூரில் உள்ள தேசிய விண்வெளி ஆய்வகத்தில் 1967ஆம் ஆண்டு முதல் ஒரு பெரிய காற்றுச் சுரங்கம் இப்பணியைச் செய்து வருகிறது.

காட்சி மாதிரிகள் வீணா?

இங்கே நீங்கள் ஒரு கேள்வி கேட்கலாம். "அப்படியானால் பறக்காத மாதிரிகளைச் செய்வது வீண் வேலையா? பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி, வண்ணம் தீட்டி, அலமாரியில் வைக்கிறார்களே, அது தவறா?"

தவறே இல்லை. நல்ல பொழுதுபோக்கு அது. ஆனால் அதற்கும் ஒரு கண்டிப்பு உண்டு: அளவு. விமான மாதிரிகளில் 72இல் ஒரு பங்கு என்ற அளவு மிகவும் புகழ்பெற்றது. ஆறடி மனிதன் அதில் சரியாக ஓர் அங்குலம் இருப்பான். இரண்டாம் உலகப் போரின்போது, 1942ஆம் ஆண்டில், அமெரிக்கக் கடற்படை அந்நாட்டு உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் இந்த அளவில் ஐந்து லட்சம் விமான மாதிரிகளைச் செய்து தரும்படி கேட்டது. எதிரி விமானம் எது, நம் விமானம் எது என்று வடிவத்தைக் கொண்டே வீரர்கள் கண்டுகொள்ளப் பழகவேண்டும். 10 மீட்டர் தூரத்தில் பிடித்த மாதிரி, 720 மீட்டர் தூரத்தில் உள்ள உண்மை விமானம் போலத் தெரியும். மாணவர்கள் மரத்தில் செதுக்கிக் கருவண்ணம் பூசிக் கொடுத்தார்கள். வடிவத்தை அட்டை அச்சுகளோடு பொருத்திப் பார்த்து, பொருந்தாதவற்றைத் தள்ளினார்கள். அந்த மாதிரி பறக்கவில்லை. ஆனாலும் அது சோதிக்கப்பட்டது. வடிவம் தவறினால் ஓர் உயிர் போகக்கூடும் என்பதால் சோதிக்கப்பட்டது.

ஆகவே பறந்தால்தான் உயர்வு, நின்றால் தாழ்வு என்று நான் சொல்லவில்லை. காரோ, லாரியோ, கப்பலோ, எதைச் செய்தாலும் சரி; அதை எதனோடாவது ஒத்துப் பார்த்தீர்களா என்பதே என் கேள்வி. பேருந்து மாதிரி செய்பவன் நிலையத்துக்குப் போய் அளவுநாடாவால் சக்கரத்தை அளந்து வந்திருந்தால், அவனும் எனக்கு விஞ்ஞானியே. பணம் கொடுத்து வாங்கி மேசையில் வைத்தவனுக்குத்தான் கற்பதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அதற்கும் நான் அந்த மாணவனை நோகமாட்டேன். பரிசு எங்கே கிடைக்கும் என்று நாம் காட்டினோமோ, அங்கேதான் அவன் போனான்.

"செலவாகுமே" என்றும் சிலர் சொல்வார்கள். கடையில் செய்வித்த மாதிரிக்கு ஆகும் செலவில் நூறு ஈர்க்கு விமானங்கள் செய்யலாம். உலகப் போட்டிகளில், மூடிய அரங்குக்குள் பறக்கும் ரப்பர் விமானங்கள் ஓரிரு கிராம் எடையே உள்ளவை. அவை அரைமணி நேரத்துக்கும் மேலாக மிதப்பதுண்டு. அங்கே பணத்தைவிடப் பொறுமைதான் அதிகம் செலவாகிறது.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு வரைபட அட்டையில் சிறிய கிளைடர் ஒன்றை வெட்டிக்கொள்ளுங்கள். பின்பு அதே வடிவத்தை நீளம், அகலம் இரண்டிலும் இருமடங்காக வரையுங்கள். அட்டையின் தடிமனும் இருமடங்காக வேண்டும். ஆகவே இரண்டு அட்டைகளை ஒட்டி வெட்டுங்கள். இப்போது எடை எட்டு மடங்கு. இறக்கைப் பரப்பு நான்கு மடங்கு. இறக்கையின் முன்விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் விரல் வைத்தால் கிளைடர் சமநிலையில் நிற்குமாறு, இரண்டுக்கும் மூக்கில் கிளிப்போ களிமண்ணோ வையுங்கள். பெரியதற்கு வைக்கும் சுமையும் சிறியதைப் போல எட்டு மடங்காக இருக்கவேண்டும். காற்றில்லாத ஒரு கூடத்தில், ஒரே உயரத்திலிருந்து, மெல்லத் தள்ளிவிடுங்கள். எதிரே யாரும் நிற்க வேண்டாம். தூரத்தையும் நேரத்தையும் குறித்து வேகத்தைக் கணக்கிடுங்கள். பெரியது ஏறத்தாழ 1.4 மடங்கு வேகமாகப் போகவேண்டும் என்பது கணக்கு. ஒவ்வொன்றையும் இருபது முறையாவது வீசிச் சராசரி எடுங்கள். 1.4 சரியாக வராமல் போகலாம். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று யோசியுங்கள். உங்கள் அறிவியல் அங்கேதான் தொடங்குகிறது.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கண்காட்சியின் மதிப்பெண் தாளில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். தோற்றத்துக்குக் கொடுக்கும் 40 மதிப்பெண்ணைக் குறிப்பேட்டுக்குக் கொடுங்கள். எத்தனை முறை செய்தான், எங்கே தவறினான், எதை மாற்றினான் என்று எழுதிய ஏடு இல்லாத மாதிரிக்குப் பரிசு இல்லை என்று முன்கூட்டியே அறிவியுங்கள். அப்போது கடைக்காரரால் உதவ முடியாது. மாதிரியை விலைக்கு வாங்கலாம். நாற்பது தோல்விகளை யாரும் விற்பதில்லை.

அந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி அன்று பரிசில்லாமல் தன் விமானத்தை ஒரு துணிப்பையில் வைத்துக்கொண்டு போனாள். அவளுக்கு அன்று நாங்கள் தரத் தவறிய மதிப்பெண்ணை இந்தப் பக்கங்களில் தருகிறேன். நண்பர்களே, உங்கள் விமானம் விழட்டும். எடுத்து ஒட்டுங்கள், எழுதிவையுங்கள், மறுபடி வீசுங்கள்.